பணக்காரர்களுக்கு மட்டும்தான் உடல் பருமனா?

“வளரும் நாடுகளில் பருமன் வசதியானவர்களுக்குத்தானே வரும்? குடியாத்தத்தில் பீடி சுற்றும் பெண்களுக்கு ஏன் வருகிறது?” என்று கேட்டிருக்கிறீர்கள்.

1989இல் சோபல், ஸ்டங்கார்ட் என்ற ஆய்வாளர்கள் தொகுத்த ஆய்வுகளில் நிலைமை அப்படித்தான் இருந்தது. 2004இல் மான்டெய்ரோ என்ற ஆய்வாளரின் குழு மறுபடி பார்த்தபோது, நாட்டின் வருமானம் கூடக்கூடப் பருமன் ஏழைகள் பக்கம் நகர்வது தெரிந்தது. அதிலும் பெண்களிடம் முதலில். தமிழ்நாட்டில் 2019-21 தேசியக் குடும்பநலக் கணக்கெடுப்புப்படி 15-49 வயதுப் பெண்களில் 40.4% பேருக்கு எடை அதிகம்.

பீடி சுற்றும் பெண்களைச் சோம்பேறிகள் என்று சொல்வது அநியாயம். முறத்தை மடியில் வைத்து நாள் முழுக்க உட்கார்ந்தே சுற்ற வேண்டும். எழுந்தால் எண்ணிக்கை குறையும், கூலியும் குறையும். கேழ்வரகுக் களி இருந்த தட்டில் இப்போது சோறு. விலை ஏறினால் முதலில் குறைவது பருப்பும் காயும். எண்ணெயைக் கணக்குப் போடுங்கள்: நாலு பேர் வீட்டில் மாதம் 4 லிட்டர் என்றால், ஆளுக்கு நாளொன்றுக்குச் சுமார் 30 கிராம், அதாவது 270 கலோரி. கடை போண்டா தனி. 3 லிட்டருக்குள் நிறுத்தப் பாருங்கள்.

எடையை மட்டும் நம்ப வேண்டாம், இடுப்புச் சுற்றளவையும் பாருங்கள். கடைசி விலா எலும்புக்கும் இடுப்பெலும்புக்கும் நடுவில், மூச்சை விட்டபின், டேப்பை இறுக்காமல் சுற்றி அளக்கவும். புடவைக் கொசுவத்தின் மேல் அளந்தால் தப்பாகும். பெண்ணுக்கு 80, ஆணுக்கு 90 செ.மீ. தாண்டினால் சர்க்கரையும் ரத்த அழுத்தமும் பார்த்துவிடுங்கள்.