சோறு உதிர்ந்தால் சாஸ் தானே குறையும்

கேள்வி: எனக்கு 13, 9 வயதில் இரண்டு பிள்ளைகள். வாரத்தில் இரண்டு நாளாவது தெருமுனைத் தள்ளுவண்டிக் கடையின் வெஜிடபிள் ஃப்ரைடு ரைஸ் வேண்டும் என்று அடம்பிடிக்கிறார்கள். என் கணவருக்கு இரத்த அழுத்தம் இருப்பதால் உப்பைக் குறைக்கும்படி மருத்துவர் சொல்லியிருக்கிறார். அவரும் பிள்ளைகளோடு சேர்ந்து அதையே சாப்பிடுகிறார். வீட்டில் நான் செய்தால் சோறு குழைந்துவிடுகிறது, காய்கள் துவண்டுவிடுகின்றன, ருசிக்காக இன்னும் கொஞ்சம் சாஸ் ஊற்றினால் கசக்கிறது. பாசுமதி வாங்கினால்தான் சரியாக வருமா? அஜினோமோட்டோ இல்லாமல் அந்த ருசி கிடைக்குமா? முதல்நாள் சோற்றில் செய்யலாமா? பள்ளிக்குக் கொடுத்தனுப்பலாமா?
– ஒரு வாசகி, நாமக்கல்

பதில்:

அன்புள்ள சகோதரிக்கு,

நீங்கள் கேட்டிருப்பவை நான்கு கேள்விகள் என்றாலும், அவற்றுக்கு அடியில் இருக்கும் சிக்கல் ஈரம் ஒன்றுதான். சோற்றிலும் ஈரம் இருந்து, காயிலும் ஈரம் இருந்து, வாணலியில் போதிய சூடும் இல்லாவிட்டால், வறுபட வேண்டியது வெந்துபோகிறது. வெந்த சோற்றுக்கு வறுத்த மணம் வருவதில்லை. அந்தக் குறையை ஈடுகட்டத்தான் நாம் சாஸையும் உப்பையும் எண்ணெயையும் கூட்டிக்கொண்டே போகிறோம். சாஸும் நீர்தான் என்பதால், ஊற்ற ஊற்றச் சோறு மேலும் குழைகிறது. உங்கள் கணவருக்கு உப்பைக் குறைப்பதற்கும் பிள்ளைகள் கேட்கும் ருசியைக் கொண்டுவருவதற்கும் வழி ஒன்றே என்று நான் உறுதியாகச் சொல்வது இதனால்தான்: ஈரத்தைக் குறையுங்கள், சூட்டைக் கூட்டுங்கள், மற்றவை தாமாகக் குறையும்.

பாசுமதி கட்டாயமில்லை. சீன வீடுகளில் இந்த உணவு மீந்த சோற்றை வீணாக்காமல் பயன்படுத்தும் வழியாகத்தான் நெடுங்காலமாக இருந்து வருகிறது. அதற்கென்று தனி அரிசி வாங்க வேண்டியதில்லை. உங்கள் வீட்டில் இருக்கும் பொன்னிப் புழுங்கலரிசியே நன்றாக வரும். நெல்லை அவித்துக் காயவைக்கும்போது தவிட்டில் இருக்கும் பி வைட்டமின்களில் ஒரு பகுதி அரிசிக்குள் இறங்கிவிடுவதால் பச்சரிசியைவிடப் புழுங்கலில் அவை கூடுதலாக இருக்கும். பருக்கையும் இறுகி இருப்பதால் எளிதில் ஒட்டாது. நான்கு பேருக்கு ஒன்றரைக் கோப்பை, அதாவது சுமார் 300 கிராம் அரிசி போதும். குக்கரை விட்டுவிட்டு, நம் பாட்டிமார் செய்ததைப் போலத் தண்ணீரைத் தாராளமாகக் கொதிக்கவைத்து, அரை மணி நேரம் ஊறிய அரிசியைப் போட்டு, வெந்ததும் கஞ்சியை வடித்துவிடுங்கள். ஒட்டவைக்கும் மாவுப்பொருளில் பெரும்பகுதி கஞ்சியோடு போய்விடும். ஒரு பருக்கையை எடுத்துக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவே வைத்து நசுக்கிப் பாருங்கள்: வெளிப்புறம் மெத்தென்று மசிந்து, நடுவில் ஊசிமுனை அளவுக்கு ஒரு கெட்டி தட்டுப்பட வேண்டும். அந்த நொடியில் வடிக்க வேண்டும். ஐந்து நிமிடம் தாமதித்தால் அது சாம்பாருக்கு உரிய சோறாகிவிடும். வடித்த கஞ்சியைக் கொட்டிவிடாமல், சிறிது மோர் கலந்து குடியுங்கள்; அரிசியிலிருந்து கரைந்த வைட்டமின்கள் அதில்தான் இருக்கின்றன. சிறுதானியம் விரும்பினால் சாமையில் செய்யலாம், உதிரியாகவே வரும். ஆனால் பிள்ளைகள் முதல்முறை சாப்பிடும் நாளன்று அதைத் தொடங்க வேண்டாம்.

அடுத்தது ஆறவைத்தல். இந்த உணவில் பாதி வேலை இங்கேதான் இருக்கிறது என்பது என் கருத்து. சூடான சோற்றை வாணலியில் போட்டால் அதிலிருந்து எழும் ஆவியே அதைக் குழைத்துவிடும். சோறு குளிரும்போது அதன் மாவுப்பொருள் மீண்டும் இறுகிப் பருக்கை கெட்டிப்படுகிறது. அப்போதுதான் கரண்டியின் அடியைத் தாங்கும். இப்படி இறுகிய மாவுப்பொருளில் ஒரு சிறு பங்கு எளிதில் செரிக்காமல் நார்ச்சத்தைப் போல நடந்துகொள்வதும் உண்மைதான். ஆனால் அந்தப் பங்கு சிறியது. ‘ஆறிய சோறு சர்க்கரையை ஏற்றாது’ என்று நம்பி இரண்டு தட்டு சாப்பிட அது இடம் கொடுக்காது.

முதல்நாள் சோற்றில் செய்யலாமா என்று கேட்டீர்கள். குளிர்பதனப் பெட்டியில் வைத்த சோறு என்றால் தாராளமாகச் செய்யலாம். இரவு முழுவதும் அடுப்படி மேடையில் இருந்த சோறு என்றால் கூடவே கூடாது. இதைக் கண்டிப்பாகச் சொல்வதற்குக் காரணம் இருக்கிறது. அரிசியில் இயல்பாகவே காணப்படும் பேசில்லஸ் சீரியஸ் என்னும் நுண்ணுயிரியின் வித்துகள் சோறு வேகும் சூட்டிலும் சாவதில்லை. வெந்த சோறு வெதுவெதுப்பாக மணிக்கணக்கில் கிடந்தால் அவை முளைத்துப் பெருகி, வாந்தியை உண்டாக்கும் நச்சைச் சுரக்கின்றன. அந்த நச்சு மறுபடி சூடாக்கினாலும் அழியாது. ‘நன்றாகப் பொரித்துவிட்டேனே’ என்ற ஆறுதலுக்கு அங்கே இடமில்லை. நம் வீடுகளில் மீந்த சோற்றில் தண்ணீர் ஊற்றி வைக்கும்போது அது புளித்து அமிலத்தன்மை அடைகிறது. வெறும் சோற்றுக்கு அந்தக் காப்பு கிடையாது. எனவே வடித்த சோற்றை அகலமான தாம்பாளத்தில் மெல்லியதாகப் பரப்பி, மின்விசிறிக்கு அடியில் 20 நிமிடம் ஆறவிட்டு, ஒரு மணி நேரத்துக்குள் ஆழமில்லாத மூடி போட்ட டப்பாவில் குளிர்பதனப் பெட்டிக்குள் வைத்துவிடுங்கள். ஒரு நாளுக்குள் பயன்படுத்திவிடுங்கள். காலையில் சமையலோடு சமையலாக வடித்து உள்ளே வைத்துவிட்டால், மாலை ஆறரைக்குப் பிள்ளைகள் பசியோடு நிற்கும்போது உங்களுக்குப் பதினைந்து நிமிட வேலைதான் மிஞ்சும்.

காய்களுக்கு நான் சொல்லும் அளவு கடையில் கிடைக்காத அளவு: வெந்த சோறு எத்தனை கோப்பையோ, நறுக்கிய காயும் அத்தனை கோப்பை. ஒன்றரைக் கோப்பை அரிசி ஏறத்தாழ நாலரைக் கோப்பைச் சோறாகும். அதற்கு இரண்டு கேரட், கைப்பிடி பீன்ஸ், கால் முட்டைகோஸ், ஒரு குடைமிளகாய், அரைக் கோப்பை பச்சைப் பட்டாணி, ஒரு கட்டு வெங்காயத்தாள் என்று எடுத்தால் சரியாக இருக்கும். கடையில் காய் என்பது பெரும்பாலும் நிறத்துக்குத் தூவுவது. வீட்டில் அது பாதித் தட்டு. ஆரோக்கியத்துக்கு இதைவிடப் பெரிய வழி என்னிடம் இல்லை. காய்களை நறுக்கிய பிறகு கழுவாதீர்கள். முன்னதாகவே கழுவி, பருத்தித் துணியில் ஈரம் ஒற்றி, பிறகு நறுக்குங்கள். பீன்ஸைச் சாய்வாக மெல்லியதாக நறுக்கினால் வேகவைக்காமலே வதங்கிவிடும். பட்டாணியை மட்டும் தனியே வேகவைத்து வடித்துக்கொள்ளுங்கள். முட்டைகோஸில் உப்பு பட்டதும் நீர் விடும் என்பதால் உப்பைக் கடைசிவரை தொடவேண்டாம். வளரும் பிள்ளைகளுக்குப் புரதம் வேண்டும். 150 கிராம் பனீரையோ டோஃபுவையோ சிறு துண்டுகளாக்கித் தனியே பொன்னிறமாக வாட்டிச் சேருங்கள். அவை இல்லாத நாளில் லேசாக ஆவியில் வெந்த முளைப்பயறும் வறுத்த வேர்க்கடலையும் போதும்.

இனிச் சூடு. அடுத்தமுறை அந்தத் தள்ளுவண்டிக்குப் போகும்போது பத்து நிமிடம் நின்று அவர் செய்வதைப் பாருங்கள். வாணலியின் விளிம்பைத் தாண்டி எழும் தீ, ஒரு முறைக்கு ஒன்று அல்லது இரண்டு தட்டுக்கான சோறு, நிற்காத கை. இந்த மூன்றையும் அவரிடமிருந்து கற்றுக்கொள்ளுங்கள். குழிக்கரண்டி எண்ணெயை மட்டும் அங்கேயே விட்டுவிடுங்கள். நம் வீட்டு அடுப்பின் தீ அதில் ஒரு சிறு பங்குதான். என் மகளின் பிறந்தநாளுக்கு எட்டுப் பேருக்கான சோற்றை ஒரே வாணலியில் கொட்டிக் கிளறினேன். வாணலியின் சூடு இறங்கி, காய்கள் நீர்விட்டு, எல்லாம் ஒன்றாய்க் கூழானது. அன்றிலிருந்து ஒரு ஈடுக்கு இரண்டு பேருக்கு மேல் நான் போடுவதில்லை. நான்கு பேருக்கு இரண்டு ஈடு. இருப்புச்சட்டி இருந்தால் அதையே எடுங்கள். கனமான இரும்பு சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். நான்ஸ்டிக் பாத்திரத்தை அந்த அளவுக்குக் காயவைக்கக் கூடாது.

வெறும் சட்டியில் ஒரு சொட்டுத் தண்ணீர் விட்டால் அது உடனே சுருண்டு மறைய வேண்டும். அப்போது ஒரு ஈடுக்கு ஒன்றரை மேசைக்கரண்டி கடலை எண்ணெய் ஊற்றுங்கள்; நால்வருக்குமாக மூன்று. செக்கு எண்ணெய் சீக்கிரம் புகையும் என்பதால் இந்த ஒரு வேலைக்கு ரீஃபைண்டு எண்ணெயே ஏற்றது. பொடியாக நறுக்கிய ஆறு பல் பூண்டு, சிறு துண்டு இஞ்சி, ஒரு பச்சை மிளகாய், வெங்காயத்தாளின் வெள்ளைப் பகுதி. பூண்டின் ஓரம் பழுப்பேறத் தொடங்கியதும் பீன்ஸும் கேரட்டும், ஒரு நிமிடம் கழித்து முட்டைகோஸ், பிறகு குடைமிளகாய். மூடி போடக்கூடாது. சட்டியிலிருந்து சடசடவென்ற ஓசை விடாமல் வர வேண்டும்; அது அடங்கி ‘சொய்ங்’ என்று இழுத்தால் நீர் சேர்ந்துவிட்டது என்று பொருள், உடனே காய்களை ஓரங்களுக்குத் தள்ளி நடுவைக் காயவிடுங்கள். முட்டைகோஸின் விளிம்பில் அங்கங்கே பழுப்புப் புள்ளி தெரிந்ததும், விரல்களை நனைத்து உதிர்த்து வைத்திருக்கும் குளிர்ந்த சோற்றையும் பட்டாணியையும் போட்டு, கரண்டியின் முதுகால் அழுத்திப் பரப்பி, அரை நிமிடம் கிளறாமல் விட்டுவிடுங்கள். அந்த அரை நிமிடத்தில்தான் அடிச்சோறு வறுபட்டு, நீங்கள் கடையில் தேடும் மணம் பிறக்கிறது. பிறகு புரட்டிக் கிளறி, சோறு முழுவதும் ஆவி பறக்கச் சூடேறியதும் பனீர், மிளகுத்தூள், வெங்காயத்தாளின் பச்சைப் பகுதி சேர்த்து இறக்கலாம்.

சாஸை எவ்வளவு, எப்படி ஊற்றுவது என்பதற்கு வருகிறேன். ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸில் ஏறத்தாழ 900 மில்லிகிராம் சோடியம் இருக்கிறது; அது இரண்டேகால் கிராம் உப்புக்குச் சமம். பெரியவர் ஒருவர் ஒரு நாள் முழுவதும் சாப்பிடும் உப்பே 5 கிராமுக்குள் இருக்க வேண்டும் என்பது உலக சுகாதார அமைப்பின் பரிந்துரை. எனவே இரண்டு ஈடுகளுக்கும் சேர்த்து ஒரு மேசைக்கரண்டி சோயா சாஸும் அரைத் தேக்கரண்டி உப்பும்தான் கணக்கு. ஆளுக்கு ஒன்றேகால் கிராம் அளவில் நின்றுவிடும். சாஸைச் சோற்றின் மேல் ஊற்றாமல், சட்டியின் சூடான பக்கச் சுவரில் வழியவிட்டு, சுண்டியதும் சோற்றை அதன்மேல் புரட்டுங்கள். குறைந்த அளவிலேயே மணம் பரவும். நீங்கள் சொன்ன கசப்பு, கருப்புச் சோயா சாஸ் அதிகமானதாலோ அடியில் தீய்ந்ததாலோ வந்திருக்கும். சில்லி சாஸ், தக்காளி சாஸ் இரண்டும் இதற்குத் தேவையே இல்லை. அவற்றிலும் உப்பும் சர்க்கரையும் உண்டு. இறக்கும் முன் ஒரு தேக்கரண்டி வினிகர் சேர்த்தால், உப்பின் குறை நாக்குக்குத் தெரியாது.

அஜினோமோட்டோ இல்லாமல் அந்த ருசி கிடைக்குமா என்று கேட்டிருக்கிறீர்கள். 1908-இல் ஜப்பானிய வேதியியலாளர் இக்கேடா கொம்பு என்னும் கடற்பாசியின் ருசிக்குக் காரணமான குளூட்டமேட்டைப் பிரித்தறிந்தார்; அதன் சோடியம் உப்புதான் இது. அதே குளூட்டமேட் பழுத்த தக்காளியிலும் காளானிலும் இயற்கையாகவே இருக்கிறது. அளவோடு சேர்த்தால் அது நஞ்சு இல்லை. கடையில் அதைச் சாப்பிட்டுவிட்டார்களே என்று நீங்கள் உறக்கம் கெட வேண்டாம். ஆனாலும் அதிலும் சோடியம் உண்டு என்பதால் உங்கள் வீட்டுக்கு நான் அதைப் பரிந்துரைக்கவில்லை. 100 கிராம் மொட்டுக் காளானை மெல்லியதாக அரிந்து, எண்ணெயில்லாத சூடான சட்டியில் நீர் முழுவதும் வற்றிப் பழுப்பேறும்வரை வாட்டிச் சேருங்கள். பூண்டின் வறுத்த மணத்தோடு அது சேர்ந்தால் பிள்ளைகள் வேறுபாடு சொல்ல மாட்டார்கள்.

பள்ளிக்கு இதைக் கொடுத்தனுப்ப வேண்டாம் என்பதே என் கருத்து. காலை ஏழு மணிக்குக் கட்டிய சோறு பன்னிரண்டரை வரை வெதுவெதுப்பாகப் பைக்குள் கிடப்பது, நான் மேலே சொன்ன நுண்ணுயிரிக்குத் தோதான நிலை. புளியோதரைக்கும் எலுமிச்சைச் சாதத்துக்கும் புளிப்பு கொஞ்சம் துணை நிற்கிறது; இதற்கு இல்லை. வாரத்தில் ஒரு மாலையை இதற்கென்று ஒதுக்கிவிடுங்கள். வெங்காயத்தாள் நறுக்குவதைப் பெரிய பிள்ளையிடமும், சோற்றை உதிர்ப்பதைச் சின்னவரிடமும் கொடுங்கள். தட்டில் மிஞ்சியதை எடுத்துவைத்து மறுநாள் மறுபடி சூடாக்க வேண்டாம்.

உங்கள் கணவருக்கென்று தனியாகச் சமைக்கத் தேவையில்லை. சாஸும் உப்பும் சேர்க்கும் முன் அவருடைய பங்கைத் தனியே எடுத்துவைத்து, மிளகுத்தூளைச் சற்றுக் கூட்டி, அரை மூடி எலுமிச்சை பிழிந்து, காளானில் அதிகப் பங்கை அவர் தட்டில் போடுங்கள். கடைகளில் ‘சோடியம் குறைந்த உப்பு’ என்று விற்பவற்றில் பொட்டாசியம் இருக்கும். சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் சிலவகை இரத்த அழுத்த மாத்திரை எடுப்பவர்களுக்கும் அது ஆகாது. அவருடைய மருத்துவரிடம் மாத்திரையின் பெயரைச் சொல்லிக் கேட்ட பிறகே அதை வாங்குங்கள்.