மவுஸ் சொன்ன பேச்சைக் கேட்கவில்லையா? கேள்வியை அனுப்புங்கள்

கடலூரில் பகல் முழுக்க பில்லிங் சாஃப்ட்வேர், ராத்திரியானால் கேம் என்று ஓடுகிற ஆள் நான். கேம் எழுத உதவும் பைகேம், எஸ்டிஎல் என்ற இரண்டு லைப்ரரிகளிலும் மவுஸோடு மல்லுக்கட்டியிருக்கிறேன். வந்த கேள்விகளில் நான்கு இங்கே.

லாஸ்பேட்டையிலிருந்து: அண்ணா, பைகேமில் கேரம் எழுதுகிறேன். ஒரு கிளிக்குக்கு ஸ்ட்ரைக்கர் ஐந்தாறு முறை அடிக்கிறது.

கெட்_பிரஸ்டு வைத்துப் பார்க்கிறாய், சரியா தம்பி? பட்டன் இப்போது அமுங்கியிருக்கிறதா என்று மட்டும்தான் அது சொல்லும். பட்டன் நொடியில் பத்தில் ஒரு பங்கு நேரம் அமுங்கியிருந்தாலே, நொடிக்கு 60 ஃப்ரேம் (படம்) வரைகிற கேமில் 6 ஃப்ரேம் போய்விடும், ஆறிலும் 'ஆமாம்' என்றே பதில் வரும். பட்டனை அமுக்கும்போது ஒரே ஒரு முறை வருகிற மவுஸ்பட்டன்டவுன் ஈவென்ட் (செய்தி) வந்ததும் ஸ்ட்ரைக்கரைப் பிடி, மவுஸ்மோஷனில் இழு, மவுஸ்பட்டன்அப் வந்ததும் விடு. அப்புறம் பட்டன் எண் 1தானா (இடது பட்டன்) என்றும் பார்த்துக்கொள், ஏனென்றால் சக்கரத்தை உருட்டினாலும் 4, 5 என்ற எண்ணோடு அதே டவுன் ஈவென்ட் வரும். இது தெரியாமல் நான் எழுதிய முதல் கேமில் சக்கரத்தைத் தொட்டாலே காய் பறந்தது, அக்கா பையன் அதையே ஒரு விளையாட்டாக்கிவிட்டான்.

திருப்பாதிரிப்புலியூரிலிருந்து: லினக்ஸில் எஸ்டிஎல்2. 1000 ஹெர்ட்ஸ் மவுஸ் வாங்கியதிலிருந்து, கையை நிறுத்தின பிறகும் குறி நகர்ந்துகொண்டே இருக்கிறது.

புரோகிராமை அனுப்பியிருந்தீர்கள், பார்த்தேன். வரிசையிலிருந்து அடுத்த ஈவென்ட்டை எடுத்துத் தரும் போல்ஈவென்ட்டை இஃப்-க்குள் வைத்திருக்கிறீர்கள், அதாவது ஃப்ரேமுக்கு ஒரே ஒரு ஈவென்ட். அந்த மவுஸ் நொடிக்கு 1000 முறை பேசும், கேம் 60 முறைதான் கேட்கிறது. ஒரு ஃப்ரேமில் 16, 17 ஈவென்ட் வரை வந்து நிற்கும், ஒன்றை எடுத்தால் மீதி ரேஷன் கடை வாசல் மாதிரி வரிசையில் காத்திருக்கும், நீங்கள் கையை எடுத்த பிறகும் அந்த வரிசைதான் நகர்கிறது. இஃப்-ஐ வைல் ஆக்குங்கள், வரிசை காலியாகும் வரை எடுத்துக்கொண்டே இருக்கும், வேறொன்றும் வேண்டாம்.

முத்தியால்பேட்டையிலிருந்து: துப்பாக்கி கேம். பார்வையைத் திருப்பும்போது மவுஸ் திரை ஓரத்தில் முட்டி நிற்கிறது. தோழியின் கம்ப்யூட்டரில் வேகமும் வேறு மாதிரி இருக்கிறது.

ரிலேட்டிவ் மவுஸ் மோடைப் போடுங்கள். கர்சர் மறைந்துவிடும், எங்கே இருக்கிறது என்பதற்குப் பதில் எவ்வளவு நகர்ந்தது என்பது எக்ஸ்ரெல், ஒய்ரெல் என்று வரும். வேகம் மாறுவதற்குக் காரணம், அந்த எண்ணை டெல்டா டைமால் (முந்தைய ஃப்ரேமிலிருந்து ஆன நேரம்) பெருக்கியிருப்பீர்கள். கீபோர்டில் நடப்பதற்கு அது வேண்டும். மவுஸுக்கு வேண்டாம், அது தருவதே அந்த ஃப்ரேமில் நகர்ந்த தூரம்தான். மறுபடி பெருக்கினால் ஃப்ரேம் வேகம் கூடக்கூட பார்வை மந்தமாகும்.

நெல்லிக்குப்பத்திலிருந்து: 320க்கு 180 அளவில் வரைகிறேன். ஃபுல்ஸ்கிரீனில் கிளிக் தள்ளி விழுகிறது.

1920க்கு 1080 திரை என்றால் கிளிக் விழுந்த இடத்தின் எக்ஸ், ஒய் எண்களை 6ஆல் வகுத்தால் போதும். உங்களுடையது 1200 உயரம் என்கிறீர்கள், அப்படியானால் மேலும் கீழும் 60 பிக்சல் கறுப்புப் பட்டை விழும். ஒய்யில் (மேலிருந்து கீழ் தூரம்) முதலில் 60ஐக் கழித்துவிட்டு அப்புறம் வகுக்க வேண்டும். மேல் பட்டையில் கிளிக் செய்தால் மைனஸ் வரும், கீழ்ப் பட்டையில் 180 அல்லது அதற்கு மேல் வரும், இரண்டையும் கண்டுகொள்ளாமல் விடுங்கள்.