30 டிகிரி வீட்டில் ஒயின்

தீபாவளிக்கு முன் வீட்டைப் புதுப்பிக்கும் காலம். ஒயின் அறை கட்டலாமா, ஒயின் குளிர்பெட்டி வாங்கலாமா என்று கேட்டுக் கடிதங்கள் வந்திருக்கின்றன. பினாங்கில் தங்கும் விடுதியின் ஒயின் கிடங்கைப் பல ஆண்டுகள் பார்த்துக்கொண்டவன் என்ற முறையில் பதில் எழுதுகிறேன்.

ஐயா, எங்கள் இரட்டைமாடி தெரஸ் வீட்டில் மாடிப்படிக்குக் கீழே உள்ள சாமான் அறையை ஒயின் அறையாக மாற்றப் போகிறோம். மர அடுக்கு, கண்ணாடிக் கதவு, சிறிய குளிரூட்டி போதும் என்கிறார் குத்தகையாளர். சரிதானா?
– வாசகர், பாயான் லெப்பாஸ்

சரியில்லை. வேலையைத் தொடங்குவதற்கு முன் கேட்டீர்களே, அதுவரை நல்லது.

ஒயின் நெடுநாள் கெடாமல் இருக்க 12, 13 டிகிரி செல்சியஸ் வேண்டும். வீட்டுக் குளிரூட்டியில் வைக்கக்கூடிய மிகக் குறைந்த அளவு பெரும்பாலும் 16. அதையும் இரவில் ஓடவிட்டுப் பகலில் நிறுத்தினால் அறையின் சூடு தினமும் ஏறி இறங்கும். ஒயினுக்கு உண்மையான எதிரி இந்த ஏற்ற இறக்கம். சூட்டில் திரவம் விரிந்து தக்கையை நெருக்குகிறது. குளிர்ந்து சுருங்கும்போது தக்கையின் ஓரமாகக் காற்று உள்ளே நுழைகிறது. இது நாள்தோறும் நடந்தால் எவ்வளவு விலை கொடுத்து வாங்கிய ஒயினும் பாழாகிவிடும். ஆண்டு முழுவதும் அசையாமல் நிற்கும் 16 டிகிரி, காலையில் 12 மாலையில் 24 என்று தாவும் அறையைவிடப் பல மடங்கு மேல்.

ஆகவே மர அடுக்கைப் பிறகு பார்க்கலாம். குத்தகையாளரிடம் முதலில் சுவரைப் பற்றிப் பேசுங்கள். நான்கு சுவர், கூரை, தரை ஆறுக்கும் வெப்பம் தடுக்கும் பலகை அடிக்க வேண்டும். அதற்கு வெளிப்பக்கத்தில், அதாவது சூடான பக்கத்தில், ஈரம் புகாத தாள் ஓட்டை இல்லாமல் ஒட்ட வேண்டும். நம் ஊர்க் காற்றில் ஈரம் மிக அதிகம். அது குளிர்ந்த அறையை நோக்கிச் சுவர் வழியாக ஊடுருவும். தடுக்கத் தாள் இல்லாவிட்டால் பலகைக்குள்ளேயே நீராக மாறிப் பூஞ்சணம் பிடிக்கும். உங்கள் மாடிப்படி மரத்தாலானது என்றால் அதுவும் சேர்ந்து கெடும். ஒற்றைக் கண்ணாடிக் கதவு எப்போதும் வியர்த்துக்கொண்டே இருக்கும். கண்ணாடிதான் வேண்டுமென்றால் இரட்டைக் கண்ணாடியும் சுற்றிலும் ரப்பர் அடைப்பும் கேளுங்கள்.

குளிரூட்டும் இயந்திரமும் ஒயின் அறைக்கென்றே செய்யப்பட்டதாக இருக்க வேண்டும். அது உள்ளிருந்து எடுக்கும் சூட்டை எங்காவது வெளியேற்றும். உங்கள் வீட்டில் அது கூடத்துக்குள் வரும். அதற்கு வழியும், நீர் வடியக் குழாயும் திட்டத்தில் இருக்கின்றனவா என்று பாருங்கள். உள்ளே ஈரப்பதம் 60 முதல் 70 விழுக்காடு இருந்தால் தக்கை காயாது.

100 போத்தல்களுக்குக் குறைவாக வைத்திருப்பவருக்கு இத்தனை செலவு தேவையே இல்லை என்பது என் உறுதியான கருத்து. நல்ல ஒயின் குளிர்பெட்டி ஒன்று இந்த வேலையைச் செய்துவிடும்.

பூமிக்கடியில் குளிர்ச்சியாக இருக்குமே, எங்கள் தோட்டத்து நிலத்தில் அறை தோண்டினால் மின்கட்டணம் மிச்சமாகாதா?
– வாசகர், பாலிக் பூலாவ்

ஆகாது. சில மீட்டர் ஆழத்துக்குக் கீழே மண்ணின் வெப்பம் அந்த ஊரின் ஆண்டுச் சராசரியை ஒட்டியே இருக்கும். பிரான்சின் ஷாம்பெய்ன் வட்டாரத்துச் சுண்ணப்பாறை நிலவறைகள் எந்த இயந்திரமும் இல்லாமல் 10, 12 டிகிரியில் நிற்பது அங்குள்ள ஆண்டுச் சராசரி அவ்வளவு குறைவு என்பதால்தான். பினாங்கின் சராசரி ஏறத்தாழ 27. எவ்வளவு தோண்டினாலும் நிலையான சூடுதான் கிடைக்கும். மழைக்காலத்தில் ஊற்றுநீரும் வந்து நிற்கும்.

கடையில் இரண்டு ஒயின் குளிர்பெட்டிகள் பார்த்தேன். சத்தமே இல்லாதது விலை குறைவு. கம்ப்ரசர் உள்ளது அதிகம். அடுக்குமாடி வீட்டில் பால்கனியில்தான் இடம் இருக்கிறது. எதை வாங்கலாம்?
– வாசகி, பங்சார்

கம்ப்ரசர் உள்ளதை வாங்குங்கள் அம்மா. சத்தமில்லாத வகை பெரும்பாலும் சுற்றியுள்ள அறையைவிடச் சுமார் 15 டிகிரிதான் குளிர வைக்கும். குளிர் நாட்டு வீட்டுக்கு அது போதும். பிற்பகலில் 32 டிகிரிக்குப் போகும் கோலாலம்பூர் வீட்டில், திரையில் 12 என்று வைத்தாலும் உள்ளே 17, 18 ஆகிவிடும். இயந்திரமும் ஓய்வின்றி ஓடிச் சீக்கிரம் பழுதாகும்.

வாங்கும்போது பின்புறத் தகட்டைப் படியுங்கள். 'என்' (N) என்ற எழுத்து இருந்தால் 32 டிகிரி வரை, 'எஸ்டி' (ST) என்றால் 38 வரை, 'டி' (T) என்றால் 43 வரை உள்ள சூழலுக்காகச் செய்த பெட்டி. நமக்குக் குறைந்தது 'எஸ்டி'. விற்பனையாளர் இதைச் சொல்ல மாட்டார், நீங்கள்தான் கேட்க வேண்டும். '30 போத்தல்' என்ற கணக்கையும் அப்படியே நம்பாதீர்கள். பிரான்சின் பொர்தோ வட்டாரத்து நேர்த்தோள் போத்தலை வைத்து எண்ணியது அது. வயிறு பருத்த பர்கண்டி, ஷாம்பெய்ன் போத்தல்களை வைத்தால் எண்ணிக்கை குறையும்.

பால்கனி கூடவே கூடாது. வெயிலும் வெளிச்சமும் ஒயினுக்கு ஆகாது. கூடத்தில் மேற்குச் சுவரை விட்டு, காற்றோட்டத்துக்குக் கையேடு சொல்லும் இடைவெளி கொடுத்து வையுங்கள்.

அப்பா 2009-இல் வேலையிலிருந்து ஓய்வு பெற்றபோது பரிசாக வந்த இரண்டு போத்தல்கள் அலமாரியிலேயே இருந்துவிட்டன. ஒன்று பொர்தோ சிவப்பு ஒயின், மற்றது மதேரா. அப்பா இப்போது இல்லை. குடிக்கலாமா?
– வாசகி, செந்தூல்

முதலில் நல்ல செய்தி. மதேராவுக்கு ஒன்றும் ஆகியிருக்காது. அந்தப் போர்த்துக்கீசியத் தீவு ஒயின் சூட்டிலேயே பிறந்தது. பீப்பாய்கள் கப்பலில் வெப்ப மண்டலத்தைக் கடந்தபோது சுவை கூடியதைக் கண்டு, பிறகு வேண்டுமென்றே சூடாக்கத் தொடங்கினார்கள். இன்றும் ஒரு வகையை 45 முதல் 50 டிகிரியில் குறைந்தது 3 மாதம் வைக்கிறார்கள். போத்தலை நிமிர்த்தி வையுங்கள். திறந்த பிறகும் பல மாதம் தாங்கும். குளிர்பெட்டி வாங்க வசதியில்லாத வாசகர்கள் எல்லோருக்கும் நான் மதேராவைத்தான் சொல்வேன்.

பொர்தோவைப் பற்றி அப்படிச் சொல்ல முடியவில்லை. தக்கை மேலெழும்பி இருக்கிறதா, மூடியுறையில் பிசுபிசுப்பு இருக்கிறதா, ஒயின் மட்டம் கழுத்தைவிட்டுக் கீழே இறங்கியிருக்கிறதா என்று பாருங்கள். நம் ஊர் அலமாரியில் இத்தனை ஆண்டுகள் இருந்த சிவப்பு ஒயின் பழுப்பேறி, வெந்த பழத்தின் வாடையோடு இருக்கவே வாய்ப்பு அதிகம். ஆனால் சூட்டால் சுவை கெட்ட ஒயின் உடலுக்குக் கேடு செய்வதில்லை. திறக்காமலே கொட்டிவிடாதீர்கள். அண்ணன் தம்பிகள் கூடும் ஒரு நாளில் 20, 30 நிமிடம் சாதாரணக் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தெடுத்துத் திறந்து, ஆளுக்கு ஒரு வாய் சுவைத்துப் பாருங்கள். அப்பாவுக்காகக் கொடுத்தது, அவ்வளவு மரியாதை அதற்கு உண்டு.

மின்சாரம் போனால் என்ன செய்வது?
– வாசகர், செராஸ்

கதவைத் திறக்காதீர்கள். போத்தல்கள் நிறைந்த பெட்டி சில மணி நேரத் தடையைத் தாங்கும். கோலாலம்பூரின் மாலை நேர இடிமின்னலுக்கு, மின்னழுத்தப் பாய்ச்சலைத் தடுக்கும் இணைப்பு ஒன்றைப் போட்டு வையுங்கள். மின்சாரம் திரும்பியதும் திரையைப் பாருங்கள். சில பெட்டிகள் நீங்கள் வைத்த அளவை மறந்து, தொழிற்சாலையில் வைத்த அளவுக்குப் போய்விடுகின்றன.