சயன்டாலஜியின் கிளியர்வாட்டர் கட்டடம் முடிய ஏன் 15 ஆண்டுகள் ஆயின?

அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலத்தில், கிளியர்வாட்டர் நகரில் சயன்டாலஜி என்ற மத அமைப்பு கட்டிய ‘ஃபிளாக் பில்டிங்’ பற்றித்தான் கேட்கிறீர்கள். 1998 நவம்பரில் அடிக்கல் நாட்டி, 2013 நவம்பரில்தான் திறந்தார்கள்.

பணம் இல்லாததால் தாமதம் என்று நினைத்துவிடாதீர்கள். உறுப்பினர்களிடமிருந்து நன்கொடை வந்துகொண்டேதான் இருந்தது. 2003 வாக்கில் வெளிச்சுவர்கள் எழும்பிவிட்டன. அப்புறம் வேலை நின்றது. உள் அமைப்பைத் திரும்பத் திரும்பத் திட்டமிட்டதே காரணம் என்றது அமைப்பு. வசூல் தொடரட்டும் என்றுதான் இழுத்தடித்தார்கள் என்று முன்னாள் உறுப்பினர்கள் சிலர் குற்றம் சாட்டினார்கள். அமைப்பு அதை மறுத்தது. நகரின் நடுவே பாதியில் நின்ற கட்டடத்துக்கு நகராட்சி நாளொன்றுக்கு 250 டாலர் அபராதம் விதித்தது. அது மொத்தம் 4 லட்சம் டாலரைத் தாண்டியது. 2009இல்தான் மீண்டும் வேலை தொடங்கியது.

ஏழு மாடி, சுமார் 3,77,000 சதுர அடி. 1975இல் வேறொரு பெயரில் அவர்கள் வாங்கிய ஃபோர்ட் ஹாரிசன் ஹோட்டல் எதிரிலேயே இருக்கிறது. இரண்டையும் சாலைக்கு மேலே ஒரு நடைபாலம் இணைக்கிறது. அமைப்பின் நிறுவனர் ஹப்பார்ட் வகுத்த, புலன்களைக் கூர்மையாக்கும் என்று அமைப்பு சொல்லும் ‘சூப்பர் பவர்’ பயிற்சி இங்கேதான் நடக்கிறது. என்னைக் கேட்டால், நன்கொடை கொடுத்தவர்களுக்கு அந்தத் தாமதத்தின் கணக்கை வெளிப்படையாகச் சொல்லியிருக்க வேண்டும்.