வலி நின்றுவிட்டது, இனி வேர் சிகிச்சை எதற்கு?

கேள்வி: எனக்கு 42 வயது. கீழ்க் கடைவாய்ப் பல்லில் சொத்தை. போன மாதம் மூன்று ராத்திரி தூங்கவிடாமல் வலித்தது. கடையில் மாத்திரை வாங்கிப் போட்டேன். நான்காம் நாள் வலி நின்றுவிட்டது. இப்போது பல் டாக்டர் எக்ஸ்ரே எடுத்துப் பார்த்துவிட்டு வேர் சிகிச்சை செய்யச் சொல்கிறார். வலியே இல்லாதபோது அது எதற்கு? பக்கத்து வீட்டு அக்கா, பேசாமல் பிடுங்கிவிடு என்கிறார்.

பதில்: மூன்று ராத்திரி அப்படி வலித்துவிட்டுச் சட்டென்று நின்றது என்கிறீர்களே, அதுதான் எனக்கு உறுத்துகிறது.

பல்லின் நடுவில், நரம்பும் ரத்தக் குழாய்களும் ஓடும் மெத்தென்ற கூழ் இருக்கிறது. சொத்தை அதுவரை இறங்கினால் கூழ் வீங்கும். கன்னத்தில் வீங்கினால் விரிய இடம் உண்டு. பல்லுக்குள் நாலா பக்கமும் கெட்டிச் சுவர். அழுத்தம் முழுக்க நரம்பின் மேல்தான். படுத்தால் தலைப்பக்கம் ரத்தம் கூடுதலாகப் பாய்வதால் ராத்திரியில் வலி உச்சத்துக்குப் போகும். கடைசியில் நரம்பு செத்துப்போகும், வலியும் நிற்கும். கிருமி மட்டும் வேர் நுனி வழியாகத் தாடை எலும்புக்குள் மெதுவாக இறங்கிக்கொண்டிருக்கும். எக்ஸ்ரேயில் வேர் நுனியைச் சுற்றிக் கறுப்பாக ஒரு நிழல் தெரிகிறதா, காட்டச் சொல்லிக் கேளுங்கள். கேட்பது உங்கள் உரிமை.

சரி, மாத்திரையிலேயே சமாளிக்க முடியாதா? முடியாது. கூழ் செத்த பல்லுக்குள் ரத்த ஓட்டம் கிடையாது. ரத்தம் போகாத இடத்துக்கு மருந்து எப்படிப் போகும்?

எல்லாச் சொத்தைக்கும் வேர் சிகிச்சை தேவையில்லை. குளிர்ந்த தண்ணீர் பட்டதும் சுரீரென்று இழுத்து, விழுங்கிய சில நொடியில் அடங்கிவிட்டால் பெரும்பாலும் சொத்தையைச் சுரண்டி அடைத்தாலே போதும். தண்ணீர் போன பிறகும் அரை நிமிடம், ஒரு நிமிடம் என்று வலி நீடித்தால், சூடான காபி பட்டு வலித்தால், தூக்கத்திலிருந்து எழுப்பினால், நரம்பு தேறுவது கடினம். ஈறில் சின்னக் கொப்புளம் வந்து உடைந்து உப்புக் கரித்தால் சீழ் வழி தேடிக்கொண்டது என்று பொருள். என்றாலும் குளிர் வைத்துச் சோதித்து, பல்லைத் தட்டிப் பார்த்து, எக்ஸ்ரேயையும் சேர்த்துத்தான் முடிவு செய்வோம்.

சிகிச்சையில் நடப்பது இதுதான். மரத்துப்போக ஊசி போட்டு, ஓட்டையிட்ட ரப்பர் விரிப்பை மாட்டி, அந்தப் பல் மட்டும் ஓட்டை வழியாக வெளியே தெரியும்படி செய்வோம். மேலே சின்னத் துளை. வேருக்குள் கூழ் ஓடும் மெல்லிய குழாயைக் கால்வாய் என்போம். கீழ்க் கடைவாய்ப் பல்லில் வழக்கமாக மூன்று கால்வாய், சிலருக்கு நான்கு. ஒவ்வொன்றிலும் தலைமுடியைவிடக் கொஞ்சம் தடித்த அரங்களை விட்டுச் சுரண்டி, மருந்து நீரால் அலசுவோம். லேசாகத் துணி வெளுக்கும் பிளீச் வாடை அடிக்கும். பயப்படாதீர்கள், கிட்டத்தட்ட அதே சரக்குதான். பிறகு, மரப்பாலிலிருந்து கிடைக்கும் குட்டா பெர்ச்சா என்ற பொருளால் கால்வாயை அடைத்துவிடுவோம். ஒரே தடவையில் முடியலாம், இரண்டு மூன்று தடவையும் ஆகலாம். ஊர் முழுக்கச் சொல்லும் பயங்கர வலி, வீங்கித் துடிக்கிற பல்லில் ஊசி சரியாகப் பிடிக்காமல் போவதால் வருவது. உங்களுக்கு இப்போது அந்தக் கட்டம் தாண்டியிருக்கலாம். முடிந்த பின் சில நாள் கடித்தால் வலிக்கும், அவ்வளவுதான்.

அப்புறம் கேப், அதாவது பல்லின் மேல் மாட்டும் உறை. காசு மிச்சம் என்று பலர் இதை விட்டுவிடுகிறார்கள். எனக்குக் கோபம் வருவது இங்கேதான். உள்ளே குடைந்த கடைவாய்ப் பல் வலுவிழந்திருக்கும். ஒருநாள் முறுக்கைக் கடிக்கும்போது வேர் வரை பிளந்தால் பிடுங்குவதைத் தவிர வழியில்லை.

அக்கா சொல்வதும் முழுத் தப்பில்லை. பல் ஏற்கெனவே பிளந்திருந்தால், கேப் பிடிக்கவே பல் மிச்சமில்லை என்றால் பிடுங்கத்தான் வேண்டும். ஞானப்பல் என்றால் நானே பெரும்பாலும் பிடுங்கச் சொல்வேன். ஆனால் மெல்லும் பல்லைப் பிடுங்கிவிட்டுச் சும்மா விட்டால் பக்கத்துப் பல் சாயும், மேல் பல் கீழே இறங்கும். அந்த இடத்தில் பாலமோ (பக்கத்துப் பற்களைப் பிடித்து நிற்கும் செயற்கைப் பல்) இம்பிளான்ட்டோ (தாடை எலும்பில் பொருத்தும் செயற்கைப் பல்) வைக்கப் பெரும்பாலும் வேர் சிகிச்சையைவிடக் கூடுதல் செலவாகும்.

சர்க்கரை நோய் இருந்தாலோ, ரத்தம் உறையாமலிருக்க மாத்திரை சாப்பிட்டாலோ டாக்டரிடம் முதலிலேயே சொல்லுங்கள். நீங்களாக மாத்திரையை நிறுத்த வேண்டாம். இதற்குள் முகம் வீங்கிக் காய்ச்சல் வந்தாலோ, வாய் திறக்கவோ விழுங்கவோ சிரமமானாலோ அப்பாயின்ட்மென்ட்டுக்குக் காத்திராமல் அப்போதே பெரிய மருத்துவமனைக்குப் போய்விடுங்கள்.