ஆறு குப்பி ரெம்டெசிவிர்: வாங்கத்தான் வேண்டுமா?

கேள்வி (மே 2021, சென்னை): அப்பாவுக்கு வயது 61. கொரோனா. வீட்டில் இருக்கிறார், காய்ச்சல் வந்து ஆறாம் நாள். ஆக்சிஜன் அளவு 96. டாக்டர் ரெம்டெசிவிர் என்ற ஊசி மருந்து ஆறு குப்பி எழுதிவிட்டார். கீழ்ப்பாக்கத்தில் அரசு விற்பனை மையத்தில் இரண்டு நாள் வரிசையில் நின்றும் கிடைக்கவில்லை. ஒருவர் குப்பி 20,000 ரூபாய்க்குத் தருகிறேன் என்கிறார். வாங்கலாமா?

பதில்: வாங்காதீர்கள். அப்பாவுக்கு இன்று இந்த ஊசி தேவையில்லை. ஆக்சிஜன் வைக்காதவருக்கும் வீட்டில் இருப்பவருக்கும் போடக் கூடாது என்று 2021 ஏப்ரல் 22-ல் வந்த தில்லி எய்ம்ஸ் மருத்துவமனை, இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் (ஐ.சி.எம்.ஆர்.) நெறிமுறையே சொன்னது.

2021 மே நிலவரப்படி இது உயிர்காக்கும் ஊசி என்பதற்கு உறுதியான ஆதாரம் இல்லை. உலக சுகாதார நிறுவனத்தின் சாலிடாரிட்டி ஆய்வில் ஊசி போட்ட 2,743 பேரில் 301 பேர் இறந்தார்கள். போடாத 2,708 பேரில் 303 பேர். அமெரிக்க ஆய்வு ஒன்றில் குணமாகும் காலம் 15 நாளிலிருந்து 10 ஆகக் குறைந்தது. 2021-ல் டாக்டர்களுக்குள் நடந்த வாதம் பெரும்பாலும் இந்த ஐந்து நாளைப் பற்றித்தான்.

அந்தப் பலனும் முக்கியமாக ஒரு சாராருக்கே: வெளியிலிருந்து குறைந்த வேகத்தில் ஆக்சிஜன் வைக்கப்பட்டிருக்கிற, நோய் தொடங்கிப் பத்து நாள் தாண்டாத நோயாளிக்கு. டெஸ்ட் எடுத்த நாளிலிருந்து எண்ணாதீர்கள்; முதல் காய்ச்சலோ இருமலோ வந்த நாளிலிருந்து எண்ணுங்கள். வைரஸ் பெருகுவதைத் தடுப்பதுதான் இதன் வேலை. நாள் கடந்தபின் நுரையீரலைக் கெடுப்பது பெரும்பாலும் உடம்பின் அழற்சி. அதை இந்த ஊசி தொடாது. பத்து நாளுக்குள் ஆக்சிஜன் தேவைப்படுபவருக்கும் ஆஸ்பத்திரியில்தான், கல்லீரல், சிறுநீரகப் பரிசோதனை பார்த்து, முதல் நாள் 200 மில்லிகிராம், அடுத்த நான்கு நாள் 100 என்று டிரிப்பில் ஏற்ற வேண்டும். ஆறு குப்பிக் கணக்கு அதுதான்.

2021 ஏப்ரலில் அரசு குறைத்த விலை, நிறுவனத்தைப் பொறுத்து குப்பிக்கு 899 முதல் 3,490 ரூபாய் வரை. அதற்கு மேல் கேட்பவரிடம் சரக்கு எங்கிருந்து வந்தது? குளுக்கோஸும் உப்பும் அடைத்து விற்ற கும்பலை குஜராத்தில் பிடித்தார்கள். ரெம்டெசிவிர் என்று விற்கப்பட்ட ‘கோவிப்ரி’ என்ற பெயரே போலி. வாட்ஸ்அப்பில் லேபிள் படம் அனுப்பி, முன்பணம் வாங்கியதும் காணாமல் போகிறவர்களும் உண்டு. பெட்டியைப் பார்த்து அசல் போலி கண்டுபிடிக்க உங்களால் முடியாது, முயலவும் வேண்டாம்.

மருந்தை நோயாளி படுத்திருக்கும் ஆஸ்பத்திரிக்கே அனுப்பாமல், சீட்டை மகன் கையில் கொடுத்து வெயிலில் நிறுத்துவது என்ன ஏற்பாடு? புரோக்கர் பிழைப்பதே அந்த வரிசையால்தான்.

ஆறு மணி நேரத்துக்கு ஒரு முறை ஆக்சிஜன் அளவு பாருங்கள். அப்பாவை ஆறு நிமிடம் வீட்டுக்குள் நடக்கவிட்டு மறுபடி பாருங்கள். 94-க்குக் கீழே போனாலோ மூச்சு வாங்கினாலோ ஊசி தேடி அலையாதீர்கள், படுக்கை தேடுங்கள். அங்கே முதலில் கேட்க வேண்டியது அழற்சியைக் குறைக்கும் ஸ்டீராய்டு மருந்தான டெக்ஸாமெத்தசோன், தினம் 6 மில்லிகிராம். ஆக்சிஜன் தேவைப்படுபவரிடம் இறப்பைக் குறைத்தது சில ரூபாய் விலையுள்ள அந்த மருந்துதான். 96-ல் இருக்கும்போது வீட்டில் அதையும் கொடுக்காதீர்கள், கெடுதல் செய்யலாம்.