கிரீன் விங் டிவிடி: டிஸ்க் பழுதா, காட்சியே அப்படித்தானா?

கேள்வி: லண்டனில் இருக்கிறேன். மருத்துவமனையில் நடக்கும் நகைச்சுவைத் தொடரான ‘கிரீன் விங்’ டிவிடி, இணையக் கடை ஒன்றில் ‘முழுத் தொடர், பழையது’ என்று விற்பனைக்கு வந்திருந்தது, வாங்கினேன். படம் நடுநடுவே மெதுவாகிறது, திடீரென்று வேகமாக ஓடுகிறது. டிஸ்க் பழுதா? திருப்பிக் கொடுக்கலாமா? பார்த்து முடித்ததும் டொரன்டோவில் உள்ள அக்காவுக்கு அனுப்பினால் ஓடுமா?

பதில்: வேகம் மாறுவது பழுதல்ல, தொடரின் பாணியே அதுதான். தாழ்வாரத்தில் ஒருவர் நடந்து வருவதை இழுத்தும் முடுக்கியும் காட்டி, அந்த அசைவிலிருந்தே சிரிப்பை எடுப்பார்கள். டிஸ்க் கெட்டிருந்தால் படம் சதுரம் சதுரமாக உடையும், பேச்சு திக்கும், அல்லது ஒரே இடத்தில் உறைந்து நிற்கும். சந்தேகம் தீரவில்லையென்றால் அதே காட்சியை வேறொரு பிளேயரில் போட்டுப் பாருங்கள். அழுக்கு இருந்தால் மெல்லிய துணியால் நடுவிலிருந்து விளிம்பை நோக்கி நேராகத் துடையுங்கள். சுற்றித் துடைத்து விழும் கீறல், தகவல் பதிந்த தடத்தோடு சேர்ந்தே ஓடும். பிளேயரால் அதை ஈடுகட்ட முடியாது. நடுத்துளையைச் சுற்றி வெடிப்பு தெரிந்தால் அந்த டிஸ்க்கைப் போடவே வேண்டாம்.

நீங்கள் உண்மையில் பார்க்க வேண்டியது ‘முழுத் தொடர்’ என்ற அந்த வார்த்தையைத்தான். பிரிட்டனின் சேனல் 4 தொலைக்காட்சியில் 2004-இல் வந்த முதல் பருவம் 9 பகுதிகள், 2006-இல் வந்த இரண்டாவது 8 பகுதிகள். 2007 ஜனவரியில் ஒரு நீண்ட சிறப்புப் பகுதியோடு கதை முடிகிறது. அந்தச் சிறப்புப் பகுதி தனி டிவிடியாகவும் விற்றது. இரண்டு பருவங்களை மட்டும் சேர்த்து ‘முழுசு’ என்று விற்பதற்கு அதுவே வழி. அது இல்லாமல் பார்த்தால் டாமஸின் கிரெக் நடிக்கும் கரோலின் டாட் கதை பாதியில் நிற்கும். தொடரை ரசிப்பவருக்கு அது பெரிய இழப்பு.

சிறப்புப் பகுதி இல்லையென்றால் உங்கள் பக்கம் வலுவானது. விற்றது கடை என்றால், 2015 நுகர்வோர் உரிமைச் சட்டப்படி பொருள் விளம்பரத்தில் சொன்னபடி இருக்க வேண்டும்; பழைய பொருளுக்கும் இது பொருந்தும். கிடைத்த 30 நாளுக்குள் திருப்பிக் கொடுத்து முழுப் பணத்தையும் கேட்கலாம். விளம்பரத்தின் படத்தை இப்போதே எடுத்து வையுங்கள், பிறகு அழித்துவிடுவார்கள். தனி ஆளிடம் வாங்கியிருந்தாலும் சொன்னபடி இல்லை என்று கேட்கலாம்; ஆனால் தரம் சரியில்லை என்று வாதாடுவது கடினம்.

அக்காவுக்கு அனுப்பும் முன், எதில் பார்ப்பார் என்று கேளுங்கள். ரீஜன் என்பது டிவிடி எந்த நாடுகளில் ஓடும் என்று காட்டும் எண்; பால் (PAL), என்டிஎஸ்சி (NTSC) இரண்டும் தொலைக்காட்சிப் பட முறைகள். பிரிட்டன் டிவிடி ரீஜன் 2, பால் முறை. கனடா ரீஜன் 1, என்டிஎஸ்சி முறை. அங்கே கடையில் வாங்கிய சாதாரண பிளேயர் பெரும்பாலும் ஏற்காது. எல்லா ரீஜனும் ஓடும், பால் முறைப் படத்தை என்டிஎஸ்சியாக மாற்றியும் தரும் பிளேயர் இருந்தால் பிரச்சினையில்லை. கணினியில் பால் முறை ஒரு தடையே அல்ல. ஆனால் டிரைவின் ரீஜனை 5 முறைதான் மாற்ற முடியும், கடைசியாக வைத்தது நிலைத்துவிடும்.